எண்பத்து நான்காவது கோடு

ஆட்டுக் கொட்டகையில் வேலை தொடங்க இருபத்திரண்டு மணி நேரம் இருந்தது. ராஹெராவுக்கு இன்னும் ஒரு பை பால் வேண்டும்.

பின்வாசலை ஒட்டிய அறையில், உறைபெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தோளைச் சுற்றித் துண்டு. துண்டுக்குள் தாய்ப்பால் எடுக்கும் பம்ப் முனகிக்கொண்டிருந்தது.

அரை மணி நேரத்தில் எழுபது மில்லி. ஒரு பைக்கு நூற்றிருபது.

கணக்கு எளிதுதான். கிஸ்போர்ன் ஊருக்கு மேலே மலைப்பண்ணையில் இன்று முதல் பன்னிரண்டு நாள் வேலை. குழந்தை தாமாத்தி ஒரு நாளைக்கு ஏழு முறை குடிப்பான். எண்பத்து நான்கு.

ஒன்று குறைந்தாலும் கிளம்புவதில்லை என்று அவளே முடிவு செய்திருந்தாள். கிளம்பாவிட்டால் கத்தரிக்கும் வரிசையில் நாலாம் இடம் வேறொருவனுக்குப் போய்விடும். ஒரே நாளில் முந்நூறு ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்து அவள் வாங்கிய இடம் அது.

வெளியே வேன் வந்து நின்றது. கத்தரிக்கும் குழுவின் தலைவர் கொலின் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். துண்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய இடத்தில் உறைபெட்டி இருந்தது.

அதன் மூடி முழுக்கச் சுண்ணக்கட்டிக் கோடுகள். நாலு நெட்டுக்கோடு, குறுக்கே ஒன்று. மறுபடி நாலு, குறுக்கே ஒன்று.

கத்தரிக்கிறவர்கள் ஆடுகளை எண்ணுவது அப்படித்தான்.

"எண்பத்து மூணு," என்றார் கொலின். குரல் மாறியிருந்தது. "யாரு குழுவுக்குப் போய்க் கத்தரிச்சிட்டு வந்தே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

ராஹெராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மூடியைத் திறந்து பாருங்க."

திறந்தார். எப்போதும் ஆட்டுத்தொடைகள் கிடக்கும் இடத்தில் தட்டையான சின்னப் பைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் தேதி, நேரம். உறைந்த பால் லேசான மஞ்சளாக இருந்தது.

கொலினின் காது சிவந்தது. "இது எல்லாமே நீயா?"

"பின்ன, ஆடா?"

அவர் மூடியைச் சத்தம் வராமல் சாத்தினார். "எங்க குழுவுல இது வரைக்கும் யாரும் போடாத கணக்கும்மா இது," என்றார் சுவரைப் பார்த்து.

ராஹெரா தலை குனிந்து புட்டியைப் பார்த்தாள். முகம் மலர்ந்ததை அவர் பார்க்கவில்லை.

தொண்ணூறு மில்லி. அதற்கு மேல் ஏறவில்லை.

அப்போது அவளுடைய அக்கா மெரியானா ஐஸ் பெட்டியுடன் வந்தாள். குழந்தை காரில் இருந்தான், அத்தானுடன். இந்தப் பதினோரு வாரமும் அப்படித்தான். அக்கா வருவாள், பெட்டியை நிரப்புவாள், போவாள். குழந்தையை உள்ளே தூக்கி வந்ததில்லை. ராஹெராவும் கேட்டதில்லை.

மெரியானா பைகளை அடுக்கத் தொடங்கினாள். உதடு அசைய எண்ணினாள்.

"ஆறு கிலோ ஆயிட்டான்," என்றாள், பைகளிடம் சொல்வதுபோல.

காரிலிருந்து அழுகை கேட்டது.

முதலில் சிணுங்கல். பிறகு மூச்சுப் பிடித்த முழு அழுகை. பசி.

ராஹெராவின் சட்டையில், பம்ப் இல்லாத பக்கம், ஈரம் வட்டமாகப் பரவியது. புட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது நூலாக இறங்கியது. நூறு. நூற்றுப் பத்து. நூற்றிருபதைத் தாண்டியது.

உடம்புக்கு யாரும் எதையும் சொல்லிவைக்கவில்லை.

"பிள்ளை அழுவுதுல்ல?" என்றார் கொலின். ஊருக்குப் புதியவர், தெற்கிலிருந்து போன வருடம்தான் வந்தவர். "போய்த் தூக்கும்மா, உன் பையன்தானே. வேன் மதியம்தான் கிளம்புது."

மெரியானாவின் கை ஐஸ் பெட்டிக்குள் நின்றுவிட்டது. தங்கையின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

ராஹெரா பம்பை நிறுத்தினாள்.

பை எடுக்கவில்லை. புட்டியின் வாயிலேயே ரப்பர் காம்பு மூடியைத் திருகினாள். சுண்ணக்கட்டியை எடுத்து, மூன்று கோட்டுக்குப் பக்கத்தில் நாலாவதை இழுத்தாள். புட்டியை அக்காவின் கையில் வைத்தாள். சில்லிட்டிருந்த விரல்களுக்கு அது சுட்டிருக்க வேண்டும்.

"இன்னைக்கு முதல் வேளை இதுதான். ஓடுக்கா, உன் பையன் அழறான்."

மெரியானா ஒரு கணம் நின்றாள். பிறகு செருப்புகூடப் போடாமல் ஓடினாள். கதவு திறந்தபடி கிடந்தது.

கொலின் கதவையும் ராஹெராவையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா இது? ஏழு மாச வயித்தோட என் கொட்டகையில குனிஞ்சு நின்னது நீதானே?"

வெளியே அழுகை நின்றது.

ராஹெரா துண்டைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாதவள். கார் வரைக்கும் கேட்கட்டும் என்றே சொன்னாள்.

"பெத்தது நான்தான். அக்காவுக்குன்னே பெத்தேன்."