நீல நைட்டி

பால் பாட்டிலைக் கண்டாலே மகன் வீறிட்டு அழுதான். மேகலா வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் கணவனின் அக்கா பவளம்தான் வழி சொன்னாள். "ஒன் நைட்டிய நான் போட்டுக்கிடுதேன். அம்ம வாசம் அடிச்சா குடிச்சிருவான்." துவைக்காத நீல நைட்டியை மேகலாவே எடுத்துக் கொடுத்தாள். பவளத்தின் மடியில் அவன் சற்றுச் சிணுங்கிவிட்டுப் பவுடர் பாலைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தான்.

மேகலா வேலைக்குப் போகத் தொடங்கியதும் பவளம் தினமும் அதையே உடுத்தினாள். துவைக்கக் கேட்டாலும் கொடுக்கவில்லை. மாலையில் மேகலா வந்து கை நீட்டினால், அவன் நைட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினான். அவளுக்குப் பால் கட்டி நெஞ்சு வலித்தது. "ஒன் வாசத்தத்தான பிடிச்சிக்கிட்டு இருக்கான்" என்று பவளம் சிரிப்பாள்.

ஞாயிறன்று பவளம் குளிக்கப் போனாள். கட்டிலில் கிடந்த நைட்டியை மேகலா அவசரமாக மாட்டிக்கொண்டு மகனைத் தூக்கினாள். அவன் அழவில்லை. கழுத்தோடு ஒட்டிக்கொண்டு மார்பில் மூக்கை உரசினான். ஜெயித்துவிட்ட பூரிப்போடு குனிந்து துணியை முகர்ந்தாள். பவளம் மூட்டுக்குத் தேய்க்கும் தைலம் மணத்தது. தன் வாசனை ஒரு நூலில்கூட இல்லை.

"மேகலா, பய அழுதானா?" குளியலறையிலிருந்து பவளம் கேட்டாள்.

தன் குரலைக் கேட்டால் அவனுக்கு ஆள் தெரிந்துவிடும் என்று மேகலா வாய் திறக்காமல் நின்றாள்.