சிரிக்காத படம்

“சிரிக்காத படம் ஒண்ணும் இல்லீங்களா ஐயா?” என்று கேட்டாள் செம்மொழி.

ஐயாவு கைப்பேசியை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மஞ்சள் சுடிதாரில் ஒன்று. மாமன் மகன் காதுகுத்தில் ஒன்று. டிராக்டர் மேல் ஏறி நின்று ஒன்று. எல்லாவற்றிலும் அவர் மகள் வானதி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

“இருக்கறதைப் போடும்மா” என்றான் பக்கத்தில் நின்ற அவர் தம்பி புகழேந்தி.

ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அந்த போஸ்டர் கடையில் செம்மொழி ஆறு வருடமாக டிசைன் செய்கிறாள். தீபாவளி நெருங்கிவிட்டது. முதலாளி இப்ராஹிம் பாய் மெஷினுக்கு மை வாங்கத் தஞ்சாவூர் போயிருந்தார். கடையில் அவள் மட்டும்தான்.

மஞ்சள் சுடிதாரைக் கறுப்புக் கட்டத்துக்குள் வைத்தாள். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று போட்டாள்.

எப்படி இறந்தாள் என்று அவள் கேட்கவில்லை. வந்ததுமே புகழேந்தி சொல்லிவிட்டான். பெண் சாகவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அதற்காகத்தான் நூறு போஸ்டர்.

செம்மொழிக்கு இது புதிதில்லை. முன்பே இரண்டு முறை இப்படி அடித்துக் கொடுத்திருக்கிறாள். இரண்டு முறையும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதனாலோ என்னவோ, இந்த முறை வாயைத் திறந்துவிட்டாள்.

“உசிரோட இருக்கற பொண்ணுங்க ஐயா. தன் சாவைத் தானே சுவத்துல படிச்சா அது என்ன பாடுபடும்?”

ஐயாவு நிமிர்ந்தார். கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன.

“நான் பெத்த பொண்ணு. எனக்கு அவ செத்துட்டான்னு சொல்ல எனக்கு உரிமை இல்லையா? அடிச்சேனா, வெட்டினேனா? வாயால சொல்றேன். அதுவும் கூடாதா?”

அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

‘தோற்றம்’ என்ற இடத்துக்கு மகள் பிறந்த தேதியை அவர் யோசிக்காமல் சொன்னார். பிறந்த நேரத்தையும் சொன்னார். நேரம் வேண்டாம் என்றாள்.

‘மறைவு’ என்ற இடம் வந்தது. அவர் முகத்தைத் திருப்பி, மன்னார்குடி பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தேதியைச் சொன்னது புகழேந்திதான்.

செம்மொழி அடித்தாள். அடித்ததைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

“தேதி சரியாங்க?”

“சரிதான். வியாழக்கிழமை கைக்கு வந்துடணும்.”

ஒரு தாளில் மட்டும் பிரதி எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“பிழை எதுவும் இல்லன்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. போன் நம்பரும் வேணும். போட்டாத்தான் மெஷினுக்குப் போகும். இது பாயோட ரூலுங்க.”

புகழேந்தி அவளையே பார்த்தான். மின்விசிறி இரண்டு மூன்று சுற்று சுற்றியிருக்கும். அவளுக்கு அது ஒரு யுகமாக இருந்தது. பிறகு சலித்துக்கொண்டே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். ஐயாவும் போட்டார்.

அவர்களுடைய பைக் கண்ணுக்கு மறைகிற வரை அவள் அசையவில்லை.

அப்படி ஒரு ரூல் அந்தக் கடையில் இருந்ததே இல்லை.

ஷட்டரை இழுத்துவிட்டு, தாளைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு நடந்தாள். ஓடினால் யாராவது பார்ப்பார்கள் என்று நடந்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் ஜெயபாரதி தாளைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். வானதியை அவருக்குத் தெரியும். கல்யாணம் முடிந்த கையோடு அவளும் அந்தப் பையனும் பாதுகாப்புக் கேட்டு அவரிடம்தான் வந்திருந்தார்கள்.

“பெத்தவங்க வயித்தெரிச்சலும்மா இது. அசிங்கம்தான். ஆனா எனக்குச் செத்துட்டான்னு ஒருத்தர் சொன்னா அவரை எந்த செக்‌ஷன்ல பிடிக்கறது? வேணும்னா கூப்பிட்டுக் கண்டிக்கறேன்.”

“மறைவு தேதியைப் படிங்க மேடம். பொண்ணோட சித்தப்பா சொன்ன தேதி.”

ஜெயபாரதி படித்தார். மெல்லத் தலையைத் திருப்பிச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

அன்று அக்டோபர் பதினான்கு, செவ்வாய்க்கிழமை. தாளில் இருந்தது பதினேழு.

அதன்பின் அவர் செம்மொழியிடம் எதுவும் கேட்கவில்லை. டிரைவரை ஜீப் எடுக்கச் சொல்லிவிட்டு வானதியின் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

“நான் வந்துக்கிட்டிருக்கேன்மா. அதுவரைக்கும் ரெண்டு பேரும் எங்கயும் கிளம்பாதீங்க.”

“வெள்ளிக்கிழமைதான் மேடம் கிளம்பறோம்!” அந்தக் குரலில் சந்தோஷம் பொங்கியது. “தலைதீபாவளிக்கு வீட்டுக்கு வரச் சொல்லிட்டாங்க.”

“யாரு, உங்க சித்தப்பாவா?”

“இல்ல மேடம், அப்பாவே போன் பண்ணினாங்க. பேசவே முடியாம அழுதாங்க.”