மூன்று மணி மேகம்

"மேகத்தைக் கெடுத்தது நீங்கதானேம்மா?"

கண்காணிப்பாளர் கேட்டதும், வரைபடப் பிரிவு எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேஜையில் தலைமை அலுவலகத்துக் கடிதம் கிடந்தது. இணையத்தில் உலகமே படிக்கிற கலைக்களஞ்சியத்தில் 'மேகம்' என்றொரு கட்டுரை. இந்த நில அளவை அலுவலகத்துக் கம்ப்யூட்டரிலிருந்து யாரோ அதை அறுபத்து மூன்று தடவை குலைத்திருக்கிறார்கள். வேலை நாட்களில், பிசகாமல் பிற்பகல் மூன்று மணிக்கு. பத்திரிகையில் வேறு பெட்டிச் செய்தி போட்டுச் சிரித்துவிட்டார்கள். ஐந்து மணிக்குள் நடவடிக்கை எடுத்துப் பதில் போட வேண்டும். தற்காலிகப் பணிநீக்க உத்தரவு தட்டச்சாகி, கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"தரையை அளக்கத்தான் சம்பளம். உங்களுக்கு ஆகாயத்துல என்ன வேலை?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைப் படித்தார்.

"'மூடுபனி என்பது மேகம் விடும் கொட்டாவி.' 'வெள்ளை மேகம் துவைத்துக் காயப்போட்டது. கறுப்பு, இனிமேல் துவைக்க வேண்டியது.' 'மதியம் தூங்கும் மேகத்தை எழுப்பக் கூடாது. எழுப்பினால் வந்த வழியை மறந்துவிடும்...'"

அதட்டலாகத்தான் ஆரம்பித்தார். படிக்கப் படிக்கக் குரல் தானாக இறங்கியது. கண் ஜன்னலுக்குப் போயிற்று. வெளியே ஒரு வெள்ளை மேகம், போகவும் மனமில்லாமல் நிற்கவும் மனமில்லாமல் மிதந்துகொண்டிருந்தது. அது எந்த வழியாக வந்திருக்கும்?

சட்டென்று சுதாரித்துக்கொண்டார்.

"பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இதைப் படிச்சு எழுதி வச்சா?"

"நாலு நிமிஷத்துல திருத்திடுவார் சார்."

"யாரு?"

"எங்க மாமா. என் வீட்டுக்காரரோட அப்பா. அச்சகத்துல முப்பத்தெட்டு வருஷம் புரூஃப் பார்த்தவர்." அவள் முதல் முறையாக நிமிர்ந்தாள். "அந்தக் கட்டுரையே அப்பாவும் பிள்ளையுமா சேர்ந்து எழுதினது. என் வீட்டுக்காரர் தவறி ரெண்டு வருஷமாச்சு. இப்போ வீட்டுல மாமாவும் நானும்தான். மனுஷன் அந்தப் பக்கத்தைத் திறந்து வச்சுட்டு சும்மா உக்காந்திருப்பார். வச்சதைச் சாப்பிடுவார். பேச்சே கிடையாது. மனசு கேக்காம ஒரு நாள் இங்கேருந்து ஒரு வரியைக் கெடுத்து வச்சேன். வீட்டுலேருந்து எழுதினா கண்டுபிடிச்சுடுவாரே!"

"ம்?"

"அன்னைக்குச் சாப்பிடும்போது, 'எவனோ ஒரு மடையன்'னு ஆரம்பிச்சு அரை மணி நேரம் திட்டினார் சார். ரெண்டு வருஷத்துல அதான் முதல் பேச்சு. இன்னொரு கரண்டி சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதுலேருந்து தினமும் இப்படித்தான்."

கண்காணிப்பாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"திருத்தினவர் 'பழைய புரூஃப்'னு ஒருத்தர். சாட்சி சொல்ல வரச் சொல்லியிருக்கேன். அவர்..."

அவள் பதறி இடைமறித்தாள்.

"என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க. மாமாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் சார்."

அவள் பதிவறைக் கதவு வழியாகப் போனாள். முன்கதவு வழியாக, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெரியவர் வந்தார். சட்டைப்பையில் சிவப்புப் பேனா.

"உக்காருங்க ஐயா. வந்து... இந்தத் தப்பையெல்லாம் போட்டது யாருன்னு..."

பெரியவர் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் பார்வை மேஜைமேல் இருந்த உத்தரவில் நின்றது. அது அவருக்குத் தலைகீழாகத்தான் கிடந்தது. ஆனால் அச்சு எழுத்தைத் தலைகீழாகவே படித்துப் பழகிய கண்.

பேனாவை எடுத்தார். உத்தரவின் ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை நீளமாக ஒரு கோடு இழுத்து, கடைசியில் ஒரு சுழி சுழித்தார்.

"என்ன ஐயா இது!"

"எங்க அச்சகத்துல இந்தச் சுழி போட்டா, 'இது வேண்டாம், எடுத்துடு'ன்னு அர்த்தம்."

"அப்போ உங்களுக்கு..."

"முதல் நாளே தெரியும் சார். மேகம் விடற கொட்டாவி, என் பையன் ஆறு வயசுல சொன்னது. உலகத்துல மூணே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தன் இல்லை. நான் எழுதலை."

ஜன்னலில் இருந்த மேகத்தைக் காணோம்.

கண்காணிப்பாளர் உத்தரவை நாலாகக் கிழித்தார். வெள்ளைத் தாளில், 'ஊழியர் எச்சரிக்கப்பட்டார். இனி நிகழாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஆனா இனிமே நிஜமாவே நடக்கக் கூடாது ஐயா. ஊரே படிக்கிற பக்கம்."

"நியாயம்தான். அதுலயே புதுசா வர்றவங்க எழுதிப் பழக ஒரு பக்கம் இருக்கு. தப்பும் தவறுமா யார் வேணும்னாலும் கிறுக்கலாம். ஆபீஸ் கம்ப்யூட்டரை விட்டுட்டு, சொந்த ஃபோன்ல அங்கே போய் எழுதச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லாம. மூணு மணிக்கு நான் அங்கே இருப்பேன்."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் ஐயா தினமும் திட்டினீங்க? அவ்வளவு கோபமா?"

"கோபமா? எல்லாம் எவ்வளவு அழகான வரி! அழிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன்." பெரியவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அவன் போனதுலேருந்து அந்தப் பொண்ணு சிரிச்சு நான் பார்த்ததில்லை சார். அன்னைக்கு 'மடையன்'னு திட்டினப்போதான், முகத்தைத் திருப்பிக்கிட்டு ஒரு சிரிப்பு சிரிச்சா. அந்தச் சிரிப்புக்குத்தான் தினமும் திட்டறேன்."

கதவருகே போனவர் திரும்பினார்.

"அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம் சார்."