மூன்று விமானம், முப்பத்தாறு மணி நேரம்

"இங்க வர்றதுன்னா விளையாட்டா அத்தை? நடுவுல ஒரு சமுத்திரமே கிடக்கு! பதிமூணாயிரம் கிலோமீட்டர், மூணு விமானம் மாறணும், முப்பத்தாறு மணி நேரம். உங்க முட்டி தாங்குமா?" என்று போனில் மாமியாருக்காக உருகினார் மாப்பிள்ளை.

மனைவி முறைத்தாள். "நேரா வந்தா பதினஞ்சு மணி நேரம்தானே?"

"உஷ்! உங்கம்மாவுக்கு அதெல்லாம் எங்க தெரியப் போகுது?"

அடுத்த மாதமே அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தார் மாப்பிள்ளை. வாசலில் மூன்று பெரிய பெட்டிகளோடு மாமியார்.

"பதினஞ்சே மணி நேரம் மாப்பிள்ளை! நல்லாத் தூங்கிட்டே வந்துட்டேன்."

மாப்பிள்ளை பெட்டிகளை எண்ணினார். "திரும்பிப் போறது எப்ப அத்தை?"

மாமியார் அவருடைய சோபாவில் காலை நீட்டிக்கொண்டார்.

"போறதா? மூணு விமானம், முப்பத்தாறு மணி நேரம்... என் முட்டி தாங்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"