மணிக்கு வந்த தட்டு

மணி காதைப் பிளந்தது. கட்டிலிலிருந்து துள்ளி எழுந்த தேன்மதி, தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றாள்.

"இது தீ விபத்து ஒத்திகை, தேன்மதி," என்றது சுவரிலிருந்து வீட்டின் குரல். "நீங்க வெளியே ஓடியிருக்கணும்."

அவள் வளர்ந்த காப்பகத்தில் மணி அடித்தால் சாப்பாடு; தட்டோடு வரிசை, சின்னவர்கள் முன்னால். பதினெட்டு வயது முடிந்து அங்கிருந்து வெளியேறும் பெண்களுக்கு அரசு கொடுக்கும் வீடுகளில் ஒன்று இது. தனியாக வாழத் தெரிகிறதா என்று வீடே பரீட்சை வைக்கும். தோற்றால் நாளை முதல் கதவு அவளுக்குத் திறக்காது.

"இன்னொரு தடவை மணி அடி, ப்ளீஸ்!"

"இதுதான் கடைசி வாய்ப்பு. இந்தத் தடவை மாடி முழுக்க அடிப்பேன்."

தேன்மதியால் உட்கார முடியவில்லை. 'வெளியே, வெளியே' என்று முணுமுணுத்தபடி அறைக்குள் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

மணி அடித்தது. கால்கள் அடுப்படிப் பக்கம் திரும்பின. பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்து ஓடினாள்.

வராந்தாவுக்கு வந்த பிறகுதான் கையைப் பார்த்தாள். தட்டு!

"வெளியே வந்துட்டீங்க, பரீட்சையில பாஸ்," என்றது வீடு. "ஆனா, தட்டு எதுக்கு?"

அதற்குள் பக்கத்துக் கதவுகள் திறந்தன. வந்த பெண்கள் தாமாகவே சுவரோரம் வரிசையில் நின்றார்கள். எல்லோர் கையிலும் தட்டு. தேன்மதியும் கடைசியில் போய் நின்றாள். ஆறு வருடமாக அங்கே குடியிருக்கும் ஜெசிந்தா அவளைத் தோளில் தட்டினாள்.

"ஏய் புதுசு, பின்னாடி ஏன் நிக்கிறே? சின்னவங்கதான் முன்னாடி!"