இன்னும் எட்டு நிமிடம்

மருந்துநீரில் குழாய் சுருண்டு கிடந்தது.

இன்னும் எட்டு நிமிடம்.

டாக்டர் கழுவும் அறை வாசலுக்கே வந்துவிட்டார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"செலின், ஸ்கோப்பை எடு."

நாகர்கோவிலின் அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் குழாய் இரண்டு. ஒன்று பழுது. மற்றதை ஒவ்வொருவருக்குப் பிறகும் தேய்த்து, உள்துளையில் பிரஷ் விட்டு, இருபது நிமிடம் மருந்தில் ஊறப்போடுவது அவள் வேலை.

"எட்டு நிமிஷம் பாக்கி இருக்கு டாக்டர்."

"வெளியே ஆறு பேர் காலையிலேர்ந்து வெறும் வயித்தோட இருக்காங்க. அலசிட்டுக் கொடு, போதும்."

அவள் மேசையிலிருந்த சிறிய சோதனை அட்டையை எடுத்து நீட்டினாள். சற்று முன் போன நோயாளியின் இரைப்பையிலிருந்து கிள்ளிய சதைத் துணுக்கு அதில் இருந்தது. அட்டையின் மஞ்சள் நிறம் இளஞ்சிவப்பாக மாறியிருந்தது.

கிருமி.

அவர் பார்த்தார். குழாய்க்காகக் கையை நீட்டியபடியே நின்றார்.

அவள் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான். இருந்தாலும் கையை மருந்துத் தொட்டியின் மூடிமேல் வைத்துக்கொண்டாள்.

"அடுத்தது வயசான ஆளு டாக்டர். அவருக்கு இதெல்லாம் தெரியாதுல்லா."

டாக்டர் கையுறையை உருவிக் குப்பையில் எறிந்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரி மேலாளரிடமிருந்து கண்டித்துப் போன் வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

கதவிடுக்கில் சோதனை அறை தெரிந்தது. அடுத்த நோயாளியான பெரியவர் கட்டிலின் ஓரத்தில் வேட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார். பெரியவர் கைகளை விரித்து எதையோ அளந்து காட்டினார்.

டாக்டர் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

நேரம் முடிந்தது. குழாயைச் சுத்தமான நீரில் அலசி, உலர்த்திக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

ஐந்து நிமிட வேலை. பெரியவரின் வயிற்றில் சின்னப் புண்தான். மாத்திரையில் ஆறிவிடும்.

வெளியே பெரியவரின் மனைவி எழுந்து வந்தாள்.

"ரொம்ப வலிச்சுதா?"

"அத விடு. பெரிய டாக்டரு எம் பக்கத்துல இருந்து பேசுனாரு, கேட்டியா. நம்ம வாழக்குலை எவ்ளோ பெருசுன்னு வரைக்கும் கேட்டாரு. வேற யாருட்டயாவது அப்படிப் பேசுவாரா?"

செலின் குழாயை மறுபடி தேய்க்கத் தொடங்கியிருந்தாள்.

அடுத்த நோயாளி உள்ளே போகும் சத்தம். பிறகு டாக்டரின் குரல்.

"உக்காருங்க. உங்களுக்கு எந்த ஊரு?"