குதிரை முகாமில் பெற்றோர் நாள்

“அழாத கண்ணு, நான் வந்துட்டேன் இல்ல?” என்று ஜெயம்மாள் சிறுமியை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள்.

சிறுமிக்கு ஆறேழு வயது இருக்கும். முழங்கால் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது, மோவாயிலும் சிராய்ப்பு. சற்றுத் தள்ளி ஒரு செம்பழுப்புக் குதிரை, சேணம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்க, லகானைத் தரையில் இழுத்தபடி புல் மேய்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஆள் அரவமே இல்லை.

“கீழ தள்ளிட்ச்சி. கூப்ட்டேன், யாருமே வரல” என்று விக்கினாள் சிறுமி.

வேலூர்ப் பள்ளி ஒன்று ஜமுனாமரத்தூரில் நடத்திய குதிரையேற்ற முகாம் அது. எண்பத்து மூன்றாம் வருடத்துக் கோடை விடுமுறை. அன்று பெற்றோர் நாள்.

பிள்ளையை அனுப்ப ஜெயம்மாளுக்கு முதலிலிருந்தே மனசில்லை. கணவன்தான், பயந்து பயந்து வளர்த்தால் கோழையாகிவிடும் என்று பிடிவாதம் பிடித்தான். மலை ஏறும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி, போன வாரம் முகாமில் ஒரு பையன் விழுந்து கை முறிந்ததாம், வீட்டுக்குத் தகவலே சொல்லவில்லையாம் என்றாள்.

கூட்டம் தொடங்குமுன் பிள்ளையை ஒரு கண் பார்த்துவிடலாம் என்றுதான், துவைத்து மடித்த அரைடிராயர்களும் வேர்க்கடலை உருண்டையும் வைத்த பையோடு கூடாரங்களுக்குப் பின்பக்கமாக வந்தாள். வந்த இடத்தில் இந்தக் கோலம்.

தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப்பக்கம் பீடிப் புகை தெரிந்தது. குதிரை பழக்குகிற பழனி அவளைக் கண்டதும் பீடியைக் காலடியில் போட்டு மிதித்தான்.

“இந்தக் கொழந்தைய யாருங்க பாத்துக்கறது?”

“நான்தாங்கம்மா. இப்பதான் தண்ணி குடிக்க வந்தேன். பாப்பா நல்லாத்தான் ஒக்காந்துனு இருந்துச்சி…”

“லகானை யார் கையில குட்த்துட்டு வந்தீங்க?”

பழனி தலையைச் சொறிந்தான். “குதிர ஏறினா ஒண்ணு ரெண்டு தபா வுழறது சகஜம்மா. முகாம் பெரியவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

“வுழுந்தது கல்லு மேல. தலை பட்டிருந்தா இன்னா ஆவறது? நான் இட்னு போறேன்.”

“தாராளமா இட்னு போங்கம்மா!” அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

ஜெயம்மாள் உடனே நகரவில்லை. அவன் வேறு ஏதாவது கேட்பான் என்பதுபோல அவன் முகத்தையே பார்த்தாள். அவன் அதற்குள் குதிரையைப் பிடிக்க ஓடிவிட்டான்.

கேட்டில் காவல்காரர் முனிசாமி ஸ்டூலை விட்டு எழுந்தார். ரத்தக் கறையைப் பார்த்து ‘உச்’ கொட்டினார்.

“வூட்டுக்கா இட்னு போறீங்க? நல்லதும்மா, பெத்த மனசு தாங்குமா? சீக்கிரம் போங்க, போளூர் பஸ்சு நிக்குது.” கேட்டை அகலத் திறந்துவிட்டார்.

ஜெயம்மாள் சாலைக்கு வந்தாள். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. “ஏறுங்கம்மா, கொழந்தைக்கு நெழலா எடம் இருக்குது” என்று கண்டக்டர் கை நீட்டினார்.

அழுது களைத்த சிறுமி தோளில் முகம் புதைத்துத் தூங்கியே போயிருந்தாள். அவளுடைய சூடான மூச்சு கழுத்தில் பட்டது. ஜெயம்மாளுக்குப் பழனியின் மீது இருந்த ஆத்திரம்கூட அடங்கி, அந்த இடத்தில் பயம்தான் மிஞ்சியது. இவ்வளவு லேசா?

“ஏறலீங்களா?”

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பஸ் போய்விட்டது. வெயில் படாமல் சிறுமியின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு மறுபடி கேட்டுக்குள் நுழைந்தாள்.

“எதுனா மறந்துட்டீங்களாம்மா?” என்றார் முனிசாமி. அவள் நிற்காமல் நடந்தாள்.

மைதானத்தின் மறுபக்கம் ஷாமியானா நிழலில் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முகாம் பொறுப்பாளர் தாண்டவராயன் மைக்கைப் பிடித்திருந்தார். பட்டாளத்தில் இருந்தவர். குரல் கணீரென்று வந்தது.

“கை முறிஞ்சிதுன்னு யாரோ புரளி கிளப்பி விட்டிருக்காங்க. நம்பாதீங்க. ஒவ்வொரு கொழந்தைக்கும் பக்கத்துலயே ஒரு ஆள் நிப்பான். பெத்தவங்களைத் தவிர வேற யாரும் ஒரு கொழந்தைய இந்த கேட்டைத் தாண்டி இட்னு போக முடியாது. நீங்க நிம்மதியா தூங்கலாம்!”

எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்த கணவனைப் பார்த்துச் சிரித்தாள்.

ஜெயம்மாள் நேராக நடந்து மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். கைதட்டல் மெல்ல ஓய்ந்தது. தாண்டவராயன் அவள் புடவையில் இருந்த ரத்தத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார்.

“இன்னாம்மா, உங்க பொண்ணுக்கு லேசா அடிபட்டுடுச்சா? டிஞ்சர் போடச் சொல்றேன். மத்தவங்கள பயமுறுத்தாம அப்படி ஓரமா வாங்க.”

ஜெயம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டத்தைப் பார்த்து நின்று, முந்தானையை விலக்கி, தூங்குகிற முகம் எல்லோருக்கும் தெரியும்படி சிறுமியைத் திருப்பிப் பிடித்தாள்.

“இந்தப் பொண்ணைப் பெத்தவங்க யாருங்க?”